மாத்திரையோடு ஒரு வார்த்தையும் கொடுங்கள்

கோழிக்கூண்டைக் கழுவிக்கொண்டிருந்த மாமியார்தான் அதை எனக்குக் காட்டினார். கூண்டுக்குப் பின்னால் ஈர மண்ணில் சிவப்புச் சிவப்பாகக் கரைந்து கிடந்தன, அவருடைய மருமகளுக்கு நான் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகள். ஐம்பது, அறுபது இருக்கும். அந்தப் பெண் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. ரத்தம் எட்டு கிராம்கூட இல்லை. "ஏம்மா இப்படிப் பண்ணுனே?" என்று கேட்டேன். "வெளிக்கிப் போனா கரேல்னு போகுதுக்கா. உள்ளுக்குள்ள என்னமோ அழுகிப்போச்சுன்னு பயந்துட்டேன்" என்றாள்.

இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. இந்த ஒரு வரியை மாத்திரை கொடுத்த அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். அன்று தடுப்பூசி நாள், குழந்தைகளின் கூட்டம், சொல்ல விட்டுப்போயிற்று. அந்தப் பெண் தன் பயத்தை யாரிடமும் சொல்லாமல் தினம் ஒரு மாத்திரையாக மண்ணில் போட்டிருக்கிறாள்.

காளையார்கோவில் வட்டாரத்தில் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து 2018-ல் ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கோழிக்கூண்டைப் பார்த்த நாளிலிருந்து எந்த மாத்திரையைக் கொடுத்தாலும், இது இன்ன தொந்தரவு கொடுக்கும், இதற்குப் பயப்படாதே, இது வந்தால் மட்டும் உடனே ஓடி வா என்று சொல்லிவிட்டுத்தான் கையில் கொடுப்பேன். முன்கூட்டிச் சொன்ன தொந்தரவு வந்தபோது, "நர்சம்மா சொன்னதுதானே" என்று பெண்கள் தாங்கிக்கொண்டார்கள். சொல்லாத தொந்தரவு வந்தபோதெல்லாம் மாத்திரை குப்பைக்குத்தான் போனது.

இதை இப்போது எழுதுவது வேறொரு மாத்திரைக்காக. இந்த முறை அதை ஒளித்து வைத்தவள் நானே.

2022 ஆவணியில் காரைக்குடிப் பக்கம் ஒரு வளவு வீட்டில் மணிவிழா. பந்தி முடிந்து தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, தண்ணீர் பட்டால் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டாம் கட்டுக்குப் போகத் திரும்பியவள் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். பெரிய விழுகை ஒன்றும் இல்லை. மாடியிலிருந்து விழவில்லை, வண்டி மோதவில்லை, நின்ற இடத்தில் விழுந்தேன். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. எனக்கு அப்போது 62 வயது.

மாவுக்கட்டுப் போட்ட எலும்பு டாக்டர் அன்றே ஒன்று சொன்னார். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிகிறதென்றால், விழுந்ததைவிட எலும்பைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்றார். மதுரைக்குப் போய், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுத்தேன். முதுகெலும்பில் டி ஸ்கோர் மைனஸ் 2.9, இடுப்பில் மைனஸ் 2.6. உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்குப்படி மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை.

நம் பக்கத்தில் இதற்கும் 'தேய்மானம்' என்ற சொல்தான். முழங்கால் மூட்டில் சவ்வு தேய்வதையும் தேய்மானம் என்கிறோம், எலும்பே உள்ளுக்குள் புரையோடிப் போவதையும் தேய்மானம் என்கிறோம். மூட்டுத் தேய்மானம் வலிக்கும், அதனால் டாக்டரைத் தேடிப் போவோம். எலும்புப்புரை வலிக்காது. கரையான் அரித்த உத்திரம் வெளிப் பார்வைக்குத் திடமாகத்தான் தெரியும், ஒருநாள் சடாரென்று முறியும். என் அப்பத்தா கடைசிப் பத்து வருடம் தரையைப் பார்த்தபடியே நடந்தார். கூன் விழுந்துவிட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் சொன்னோம். அது முதுகெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நொறுங்கி அமர்ந்ததால் வந்த கூனாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு 62 வயதில்தான் புரிந்தது.

டாக்டர் எழுதிக் கொடுத்தது அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வாரம் ஒன்று. கூடவே சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் வைட்டமின் டி-யும். அவர் அறையில் அன்று நான் இருந்தது மூன்று நிமிடம். மருந்துக் கடையில் நாலு மாத்திரை உள்ள ஓர் அட்டையை எடுத்து, பின்பக்கம் பேனாவால் 'வாரம் 1, இரவு, சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் சீட்டில் அப்படி இல்லை. எல்லா மாத்திரைக்கும் எழுதிப் பழகிய கை எழுதிவிட்டது. பெட்டியும் அதற்குள் இருக்க வேண்டிய தாளும் கடையிலேயே தங்கிவிட்டன. கிடைத்திருந்தாலும் அது ஆங்கிலத்தில் பொடி எழுத்தில்தான் இருந்திருக்கும்.

சனிக்கிழமை இரவு இரண்டு இட்லி சாப்பிட்டு, அரை டம்ளர் தண்ணீரில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தேன். நடு இரவில் நெஞ்சுக்குழியில் நெருப்புக் கட்டியை வைத்தது போல் எரிந்தது. மறுநாள் முழுவதும் எச்சில் விழுங்கவே வலித்தது. அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது மாத்திரையை நான் போடவில்லை. அட்டையில் மிச்சமிருந்த இரண்டையும் சமையலறைப் பரணில் மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். மகன் கேட்டபோது, சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொன்னேன். ஏழு மாதம் அப்படிப் போனது.

அந்த ஏழு மாதத்தில் எதிர்வீட்டு ஆச்சியோடு அடிக்கடி பேசிக்கொண்டிருப்பேன். அவருக்கு 74 வயது. முதுகெலும்பு ஒன்று நொறுங்கியதற்காக இதே மருந்தை அவருக்கும் எழுதியிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஒரு வீடியோவில், இந்த மாத்திரை தாடை எலும்பை அழுகச் செய்துவிடும் என்று ஒருவர் பேசியிருந்தார். "இந்த வயசுல தாடை அழுகியாத்தா சாகணும்? வேணாம்த்தா, கேப்பையும் முருங்கக்கீரையும் போதும்" என்று நிறுத்திவிட்டார். நான் மறுத்துப் பேசவில்லை. என் நெஞ்செரிச்சல் எனக்கு. 31 வருடம் வீடு வீடாகப் போய், மாத்திரையை நிறுத்தாதே என்று சொன்னவள், அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது இன்றும் உறுத்துகிறது.

அடுத்த வருடம் மாசியில், இரவு பாத்ரூம் போக எழுந்த ஆச்சி நிலைப்படி தடுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு அவர் எழுந்து நடக்கவில்லை. படுக்கைப்புண், சளி, பிறகு நிமோனியா. அதிலேயே போய்விட்டார். மாத்திரை சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர் பயந்தது தாடைக்கு, உயிரைக் கொண்டுபோனது இடுப்பு. வயதான காலத்தில் இடுப்பு முறிந்தவர்களில் ஐந்தில் ஒருவராவது ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள் என்று உலகம் முழுவதும் உள்ள ஆய்வுகள் சொல்கின்றன. இந்தக் கணக்கை அந்த வீடியோக்காரர் சொல்லவில்லை. டாக்டர்களும் ஆச்சியிடம் சொல்லியிருக்கவில்லை.

ஆச்சி காரியம் முடிந்த வாரம் என் அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அட்டையின் பின்னால் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று அவர் எனக்காகச் செலவிட்டது இருபது நிமிடம். முதல்நாளே அந்த இருபது நிமிடம் கிடைத்திருந்தால் ஏழு மாதம் வீணாகியிருக்காது.

இந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கும். அதனால்தான் இரவில் சாப்பிட்டுப் படுக்கும்போது போடக் கூடாது. காலையில் வெறும் வயிற்றில், பெரிய டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரோடு முழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது, வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது. அந்த அரை மணி நேரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெறும் வயிற்றில் போட்டால்கூட நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் உடம்பில் சேரும். ஒரு மடக்குக் காபி சேர்ந்து போனால் அதிலும் பாதிக்குமேல் போய்விடும். பாலோடோ சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடோ போட்டால் அநேகமாக எதுவுமே சேராது. நான் சாப்பிட்ட விதத்தில் மருந்தின் பலன் சுத்தமாக இல்லை, அதன் தொல்லை மட்டும் முழுசாகக் கிடைத்திருக்கிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு எழுகிறேன். பல் விளக்கி, ஒரு சொம்புத் தண்ணீரோடு மாத்திரையை முழுங்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினால், ஆனைமடு தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்து, மருதுபாண்டியர் எழுப்பிய பெரிய கோபுரத்தின் நிழலில் சற்று உட்கார்ந்துவிட்டு வீடு திரும்ப முக்கால் மணி நேரம் ஆகும். அதற்கு அப்புறம்தான் காபி. சுண்ணாம்புச்சத்து மாத்திரை மதியச் சாப்பாட்டோடு. முதல் மாதம் கொஞ்சம் வயிறு மந்தமாக இருந்தது. எரிச்சல் வரவில்லை.

அந்த இருபது நிமிடத்தில் டாக்டர் ஒரு கணக்கும் போட்டுக் காட்டினார். 1996-ல் வெளிவந்த பெரிய ஆய்வு அது. ஏற்கெனவே முதுகெலும்பு நொறுங்கிய 2,027 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்த மருந்தையும் இன்னொன்றுக்கு வெற்று மாத்திரையையும் மூன்று வருடம் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கு 150 பேருக்கு முதுகெலும்பில் புதிய முறிவு வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 80 பேருக்கு வந்தது. இடுப்பு முறிவு ஆயிரத்துக்கு 22 என்பது 11 ஆனது.

இதைக் கேட்டவுடன் எனக்கு இரண்டு எண்ணம் வந்தது. பாதியாகக் குறைகிறது என்பது பெரிய விஷயம். ஆயிரம் பேர் மூன்று வருடம் சாப்பிட்டால் 11 இடுப்புதான் தப்புகிறது என்பதும் அதே கணக்குதான். மருந்துக் கம்பெனி முதலாவதை மட்டும் சொல்லும், மருந்தை எதிர்ப்பவர் இரண்டாவதை மட்டும் சொல்வார். சாப்பிடப்போகிறவளுக்கு இரண்டும் தெரிய வேண்டும். ஐம்பது வயதில் எலும்பு லேசாக இளைத்திருக்கிற, ஒரு முறிவும் வராத பெண்ணுக்குத் தப்பும் முறிவுகள் இன்னும் குறைவு. அவளுக்கு இந்த மருந்து இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் அதுவும் சரியான தீர்ப்பே. ஏற்கெனவே ஒன்று முறிந்த எனக்கும், முதுகெலும்பு நொறுங்கிய ஆச்சிக்கும் கணக்கு வேறு.

இனி தராசின் அடுத்த தட்டு. தாடை எலும்பு கெடுவது கட்டுக்கதை இல்லை. 2003-லிருந்து மருத்துவ இதழ்களில் பதிவாகி வருகிறது. ஆனால் அவர்களில் பெரும்பாலானவர்கள், எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்காக இதே வகை மருந்தை மிகப் பெரிய அளவில் நரம்பு வழியாக ஏற்றிக்கொண்டவர்கள். எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவில் அது வருடத்துக்குப் பத்தாயிரம் பேரில் ஒருவரிலிருந்து லட்சம் பேரில் ஒருவர் வரைதான். அதிலும் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் போவதில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கிறது. நம் பெண்கள் சொத்தைப் பல்லை வருடக்கணக்கில் வெற்றிலையும் கிராம்பும் வைத்து ஓட்டுகிறவர்கள். அதனால் மருந்தைத் தொடங்கும் முன்பே பல் டாக்டரிடம் காட்டி, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, ஆறிய பிறகு தொடங்குவது நல்லது. நான் இரண்டு கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டுத்தான் மறுபடியும் ஆரம்பித்தேன். ஆச்சியிடம் இதைச் சொல்ல ஆள் இருந்திருந்தால் தாடைப் பயம் ஒரு பல் டாக்டர் செலவோடு தீர்ந்திருக்கும்.

தாடையைவிட நான் கவலைப்படுவது தொடைக்கு. நம் உடம்பில் பழைய எலும்பைக் கரைக்கும் அணுக்களும் புதிதாகக் கட்டும் அணுக்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. மாதவிடாய் நின்ற பிறகு கரைப்பது கட்டுவதை மிஞ்சிவிடுகிறது. இந்த மருந்து கரைக்கும் அணுக்களைப் பிடித்து நிறுத்துகிறது. நல்லதுதான். ஆனால் பல வருடம் நிறுத்தியே வைத்தால், எலும்பில் தினசரி விழும் மயிரிழைக் கீறல்கள் புதுப்பிக்கப்படாமல் சேர்ந்துகொண்டே போகும். அபூர்வமாகச் சிலருக்குத் தொடை எலும்பு, விழாமலே, நடந்துகொண்டிருக்கும்போதே குறுக்காக ஒடிந்துவிடுகிறது.

கலிபோர்னியாவில் 1,96,129 பெண்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2020-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இம்மருந்தை மூன்று வருடம் சாப்பிட்ட பத்தாயிரம் வெள்ளைக்காரப் பெண்களில் 149 இடுப்பு முறிவு தடுக்கப்பட்டது, இரண்டு பேருக்கு அந்தத் தொடை முறிவு வந்தது. ஆசிய வம்சாவளிப் பெண்களில் தடுக்கப்பட்டது 91, தொடை முறிந்தது எட்டுப் பேருக்கு. லாபம் குறைவு, கெடுதல் நாலு மடங்கு. அப்படியும் 91 எங்கே, எட்டு எங்கே. மருந்தின் பக்கம்தான் தராசு சாய்கிறது. ஆனால் வெள்ளைக்காரப் பெண்களின் கணக்கை வைத்துக்கொண்டு, "இதெல்லாம் யாருக்கோ வர்றதும்மா" என்று நம்மிடம் சொல்வது சரியில்லை. நம் ஊர்ப் பெண்களுக்கு எவ்வளவு என்று நம் மருத்துவக் கல்லூரிகள் கணக்கெடுக்க வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்கு அந்தத் தொடை முறிவு சொல்லிக்கொண்டுதான் வருகிறது. ஒடிவதற்குப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் முன்பே தொடையிலோ கவட்டிலோ ஒரு மந்தமான வலி இருக்கும். அப்போதே படம் எடுத்துப் பார்த்து மருந்தை நிறுத்தினால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. நம் பக்கத்தில் தொடை வலித்தால் வாய்வு என்பார்கள், தைலம் தேய்ப்பார்கள். இந்த மாத்திரை சாப்பிடுகிற பெண்ணுக்குத் தொடை வலி வந்தால் தைலத்தைத் தேடாமல் டாக்டரைத் தேட வேண்டும் என்று அவளுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் யாராவது சொல்லியிருக்க வேண்டுமல்லவா?

அமெரிக்காவில் இதே மருந்தால் தொடை எலும்பு ஒடிந்தது என்று ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த நாட்டு உச்ச நீதிமன்றம்வரை அது போய், 2019 மே 20-ல் தீர்ப்பு வந்தது. மருந்தை ஏன் விற்றாய் என்பதைவிட, இப்படி ஆகலாம் என்று தாளில் ஏன் முன்கூட்டி எழுதவில்லை என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. கம்பெனியின் மருந்துத் தாளில் அந்த எச்சரிக்கை சேர்ந்தது 2011-ல்தான். மருந்து சந்தைக்கு வந்ததோ 1995-ல். இதற்கிடையில் பத்திரிகைகளில் செய்தி பரவி, 2008-க்கும் 2012-க்கும் இடையில் அந்த நாட்டில் இந்த வகை மருந்தின் பயன்பாடு பாதிக்குமேல் விழுந்தது. அவசியம் சாப்பிட வேண்டியவர்களும் சேர்ந்து நிறுத்தினார்கள். மறைத்து வைத்த ஒரு தொந்தரவு தெரியவரும்போது நல்ல மருந்துமேலும் நம்பிக்கை போய்விடுகிறது என்பதை நான் கோழிக்கூண்டுக்குப் பின்னாலேயே பார்த்திருக்கிறேன்.

இந்த மாத்திரை ஆயுசுக்கும் இல்லை. ஐந்து வருடம் சாப்பிட்டபின், ஆபத்து குறைந்தவர்கள் நிறுத்திப் பார்க்கலாம். மருந்து எலும்பிலேயே தங்கி இருப்பதால் பலன் உடனே போய்விடாது. ஐந்து வருடத்தோடு நிறுத்தியவர்களையும் பத்து வருடம் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2006-ல் வந்தது. வலி போன்ற அறிகுறியோடு தெரியவந்த முதுகெலும்பு முறிவு தொடர்ந்தவர்களுக்குக் குறைவு, மற்ற முறிவுகளில் வித்தியாசம் இல்லை. எனவே எப்போது நிறுத்துவது என்பது ஆளைப் பார்த்து முடிவு செய்யவேண்டிய விஷயம். என்னோடு வேலை பார்த்த ஓர் அக்கா ஒன்பது வருடமாக அதே சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் போதும் என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

எலும்புப்புரைக்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் என்ற ஊசிக்கு நேர்மாறான எச்சரிக்கை. அதைத் திடீரென்று நிறுத்தினால், கட்டி வைத்த எலும்பு வேகமாகக் கரைந்து, ஒன்றுக்கு மேற்பட்ட முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கலாம். நிறுத்துவதானால் வேறு மருந்துக்கு மாறித்தான் நிறுத்த வேண்டும். "போன தடவ ஊசி போட்டது, இந்தத் தடவ மகன் வரட்டும்னு இருக்கேன்" என்று ஓர் அம்மா என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். முதல் ஊசி போடும்போதே, விட்டுவிட்டுப் போடக்கூடிய ஊசி இல்லை இது என்று சொல்லியிருந்தால் அவர் மகனுக்காகக் காத்திருக்க மாட்டார். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு இந்த ஊசி ரத்தத்தில் சுண்ணாம்புச்சத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கலாம் என்று 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்து ஆணையம் கடும் எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. அலெண்ட்ரோனேட்டும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆகாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் இரண்டையுமே தொடங்கக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் முதல் தடவை இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் கொடுக்கும். அது தானாகச் சரியாகிவிடும். சொல்லிவிட்டு ஏற்றினால் யாரும் பயப்பட மாட்டார்கள்.

வைட்டமின் டி-யிலும் ஒரு வினை இருக்கிறது. 60,000 யூனிட் மருந்து வாரம் ஒன்று, குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும். அதையும் வார மாத்திரையையும் தினசரி சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் ஒரே பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தால், படிக்கத் தெரியாத பாட்டி எதைத் தினம் சாப்பிடுவாள்? 60,000-ஐத் தினம் சாப்பிட்டு வாந்தியும் மயக்கமுமாகப் படுத்த ஒருவரை எங்கள் தெருவிலேயே பார்த்தேன்.

கேப்பையும் முருங்கைக்கீரையும் போதும் என்று ஆச்சி சொன்னதை நான் லேசாகத் தள்ளவில்லை. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. தொண்டியிலிருந்து வரும் நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு மென்று தின்றால் அதுவும் எலும்புக்குத்தான். ஆனால் எலும்பு கட்டுவது முப்பது வயதுக்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். அந்த வயதில் நம் பெண்கள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும், எடை போட்டவள் நான். எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதைச் சாப்பிட்டவர்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் மருத்துவர் வீணா சத்ருக்னாவும் குழுவினரும் 30 முதல் 60 வயதுக்குட்பட்ட ஏழைப் பெண்கள் 289 பேரின் எலும்பை அளந்து 2005-ல் எழுதினார்கள். நூற்றுக்கு 29 பேருக்குத் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் எலும்புப்புரை இருந்தது. அறுபது தாண்டிய கிழவிகளின் கணக்கு இல்லை இது, உழைக்கிற வயதில் இருக்கிற பெண்களின் கணக்கு. எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் சேரும். வெள்ளைப்படுகிறது, வயிறு வலிக்கிறது என்று போன பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிலேயே கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டு அனுப்பியதை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்தே அவள் எலும்பு கரையத் தொடங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட உடம்புக்கு அறுபது வயதில் கேப்பைக் கூழ் மட்டும் போதாது. கூழும் வேண்டும், நடையும் வெயிலும் வேண்டும், தேவைப்பட்டால் மருந்தும் வேண்டும்.

அரசிடம் நான் கேட்பது கோடிக்கணக்கில் செலவாகும் காரியம் இல்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். ஐம்பது வயது தாண்டிய பெண்ணிடம் அவர்கள் இன்னும் மூன்று கேள்வி கேட்கட்டும்: சும்மா விழுந்து எலும்பு முறிந்ததுண்டா, உயரம் குறைந்து கூன் விழுகிறதா, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பு முறிந்ததா? ஆமாம் என்றால் மேலே அனுப்பட்டும். சிவகங்கையில் 2012-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத் தலைமையிடத்திலும் டெக்சா ஸ்கேன் அரசுச் செலவில் கிடைக்க வேண்டும். எலும்புப்புரை மருந்து கொடுக்கும் இடத்தில் எல்லாம் பெரிய எழுத்தில், படத்தோடு, ஒரு பக்கத் தமிழ்த் தாள் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். எப்படி முழுங்குவது, எந்தத் தொந்தரவுக்கு ஓடி வருவது, எத்தனை வருடம் கழித்து மறுபடி கேட்பது, இவ்வளவு இருந்தால் போதும். அக்டோபர் 27 மருதுபாண்டியர் குருபூசைக்கு எங்கள் ஊரில் தெருவெல்லாம் ஜனம் நிற்கும். அதற்கு ஒரு வாரம் முன்னால் அக்டோபர் 20, உலக எலும்புப்புரை நாள், யாருக்கும் தெரியாமல் போகிறது. அந்த நாளில் அந்தத் தாளைக் கொடுக்கத் தொடங்கலாம்.

மருந்துக் கடைக்காரத் தம்பிகளிடமும் ஒரு வேண்டுகோள். அட்டையின் பின்னால் எழுதும்முன் டாக்டர் சீட்டை ஒருமுறை படியுங்கள். 'காலை, வெறும் வயிறு, நிறையத் தண்ணீர், படுக்கக் கூடாது' என்று நாலு சொல் எழுத அரை நிமிடம்கூட ஆகாது.

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தத் தடவை ஊருக்குப் போகும்போது அம்மாவின் மாத்திரை அட்டைகளை எடுத்து எண்ணிப் பாருங்கள். வாங்கிய தேதிக்கும் மிச்சம் இருப்பதற்கும் கணக்கு ஒத்துவராவிட்டால் திட்டாதீர்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொல்லும் காரணத்தையும் அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு அவரோடு டாக்டரிடம் போங்கள்.